பத்தாம் லயத்தில் நின்ற தண்ணீர்

1924 ஆடி மாதம் வந்த வெள்ளம் நாலாம் நாள் கூடாரமேட்டை விட்டு வடிந்தபோது, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசைவீடான பத்தாம் லயத்து நாலாம் வீட்டுக்குள் இருந்த தண்ணீர் மட்டும் வடியவில்லை. நான்கடி உயரத்துக்கு அங்கேயே நின்றது. அடுத்த ஐம்பது வருஷமும் நின்றது. கதவைத் திறந்துபோட்டாலும் வெளியே ஓடாது. வாளியில் மொண்டு கொட்டினால், கொட்டிய அளவு மறுபடி உள்ளே வந்துவிடும். பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு விரற்கடை ஈரம் ஏறியதில்லை. தண்ணீருக்கு அடியில், சாணி மெழுகிய தரையில் விரித்த கோரைப்பாயில், இருபத்தாறு வயது வேலுத்தாய் வலது கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு விடும்போது தோள் ஏறி இறங்குவது மேலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

முதல் வாரத்தில் நான்கு ஆண்கள் இறங்கி அவளைத் தூக்கிப் பார்த்தார்கள். தூக்கம் கலைக்கப்பட்டவள் போல முகத்தைச் சுளித்தாளே தவிர, பாயை விட்டு ஓர் இழை கூட அசையவில்லை. எஸ்டேட் டாக்டர் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் குனிந்து நாடி பார்த்தார். சாகவில்லை, சீக்குமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சாகாதவள் பெயரை அடிக்க எஸ்டேட் சட்டத்தில் இடமில்லை. ஆகவே வேலுத்தாயின் பெயர் வருஷா வருஷம் ஆள்பெயரும் வேலைநாளும் எழுதும் புதுச் செக்ரோல் புத்தகத்தில் ஏறிக்கொண்டே வந்தது. வருஷக் கம்பளி கொடுக்கும்போது அவள் பேரிலும் ஒன்று வந்தது. அதைக் கங்காணி வாங்கித் தன் வீட்டில் போர்த்திக்கொண்டார். வருஷத்துக்கு ஒருமுறை சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வருகிற ஆட்கள் தண்ணீருக்கு மேலே உள்ள பாதிச் சுவரை வெள்ளையடித்துவிட்டு, மீதிக்குத் தங்களுக்கு உத்தரவில்லை என்று போய்விடுவார்கள்.

காலைப் பெரட்டில், அதாவது களத்தில் எல்லோரையும் நிறுத்திப் பெயர் வாசித்து வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், வேலுத்தாயின் வரி வரும்போது கணக்கப்பிள்ளை வாயைத் திறக்க மாட்டார். வரமாட்டாள் என்று தெரிந்தவளைக் கூப்பிட்டு எதற்குத் தொண்டையை வீணாக்குவது என்று ஒரு சைபரைப் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அவருக்குப் பின்னால் வந்த நான்கு கணக்கப்பிள்ளைகளும் அந்தச் சைபரை அப்படியே பின்பற்றினார்கள். நல்ல பழக்கங்கள் எதையும் இந்த ஊர் இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றியதில்லை.

கூடாரமேடு சித்திரபுரத்துக்கு ஒன்பது மைல் மேலே இருக்கிறது. வெள்ளத்துக்கு முன்னால் அங்கே சின்ன ரயில் ஓடியது. வெள்ளம் தண்டவாளத்தைச் சுருட்டிக்கொண்டு போனபின் பிளாட்பாரம் மிஞ்சியது; அதில் இப்போது ஆட்டுக்கறி விற்கிறார்கள். தேயிலைப் பெட்டி இறக்கிய கம்பிப்பாதையின் தூண்கள் மூன்று நிற்கின்றன. குன்றின் உச்சியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கல்லறை இருக்கிறது. அவள் இந்த ஊரில் உயிரோடு இருந்தது மொத்தம் பதினோரு நாள். அதற்குள் காலரா வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்குப் பளிங்குக் கல், சுற்றிலும் இரும்பு வேலி. அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு மலையேறி, அதே காலராவில் செத்தவர்களுக்கு ஓடைக்கரையில் ஒரு மேடு உண்டு. மேட்டில் கவாத்து செய்த தேயிலை நன்றாகத் தழைக்கும்.

நாலாம் வீட்டில் வேலுத்தாயோடு அவள் மகள் குருவம்மாள் இருந்தாள். வெள்ளத்தின்போது அவளுக்கு எட்டு வயது. அப்பன் அதற்கு முந்தின வருஷமே கயத்தாறுப் பக்கம் போனவன், போனவன்தான். லயத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு நாள் சோறு போட்டு வளர்த்தார்கள். தண்ணீருக்கு மேலே சுவருக்குச் சுவர் பலகை போட்டுப் பரண் கட்டி அதில் படுத்தாள். முன்வாசல் ஒட்டுத்திண்ணையில் சமைத்தாள். பத்து வயதில் கொழுந்துக் கூடை தூக்கினாள். பெரியமுத்து என்று ஒருவனைக் கட்டிவைத்தார்கள். கண்ணைத் திறந்தால் மாமியாரின் முதுகு தெரிகிற வீட்டில் மூன்று வருஷம் தாக்குப்பிடித்தான். பிறகு வால்பாறையில் வேலை கிடைத்தது என்று போனான். குழந்தை இல்லை. குருவம்மாளுக்கு இருபத்தாறு ஆனபோது, அம்மாவும் தானும் ஒரே வயது என்று பரணிலிருந்து குனிந்து சொன்னாள். நாற்பதானபோது நரைமுடியைக் காட்டினாள். ஐம்பதைத் தாண்டிய பிறகு, தண்ணீருக்குக் கீழே கிடக்கிறவளைப் பார்த்தால் பெறாத மகளைப் பார்க்கிறது போல இருந்தது. ராத்திரி குளிருமோ என்று கவலைப்பட்டாள்.

யாரிடமும் அவள் சொல்லாத ஒன்று இருந்தது. வெள்ளம் வந்த நாளுக்கு முந்திய மூன்று நாளும் அடைமழை. பெரட்டு இல்லை. வேலுத்தாய் காய்ச்சலோடு படுத்திருந்தாள். கல்யாணமாகி இந்த மலைக்கு ஏறிய நாளிலிருந்து அவள் விடிந்த பிறகும் படுத்திருந்தது அந்த மூன்று நாள்தான். நாலாம் நாள் காலையில் மகளிடம், "பெரட்டுக்குக் கூப்பிட்டா எழுப்பு. கூப்பிடலன்னா என்னைய எழுப்பாத, என்ன?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். குருவம்மாள் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டது. ஆனால் அது பெரட்டுச் சத்தம் இல்லை. மேலே மேலே என்று ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவள் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அம்மா நன்றாகத் தூங்கினாள். இன்னும் கூப்பிடவில்லையே என்று நினைத்துக்கொண்டு, காலுக்குத் தண்ணீர் வர, கூட்டத்தோடு மேட்டுக்கு ஓடிவிட்டாள். லயத்தில் பிறந்த பிள்ளைக்குத்தான் இப்படி ஒரு நியாயம் தோன்றும். பெரட்டுக்குக் கூப்பிடாமல் ஓர் ஆளை எழுப்புவது பாவம் என்று அது அறிந்திருந்தது.

அதன்பிறகு ஆத்தா, ஆத்தா என்று தொண்டை கட்டும்வரை எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். வேலுத்தாய் அசையவில்லை. எந்தக் கூப்பாட்டுக்கு எழுவாள் என்பது குருவம்மாளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எழுந்து உட்கார்ந்து, ஏன்டி என்னை எழுப்பவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அதற்கு என்ன சொல்வது? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஐம்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இதை எழுதுகிற எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை.

1974 ஆனியில் குருவம்மாளுக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. எஸ்டேட்டில் அது கடைசி வயது. மாலை போட்டு, ஒரு டார்ச் லைட் கொடுத்து, முப்பது நாளில் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்ற தாளையும் கொடுத்தார்கள். வீடு வேலைக்காரருக்குத்தான், வேலை போனால் வீடும் போகும். வாரிசு ஒருவர் அந்த வேலையில் ஏறினால் மட்டும் வீடு நிற்கும். கணக்கப்பிள்ளை பிச்சைமணி அவளைத் துரையிடம் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைக்காரர்கள் போய் நம்மூர்க்காரர்கள் வந்த பிறகும் மேனேஜருக்குப் பெயர் துரைதான்.

"வாரிசு யாரும்மா?" என்று துரை கேட்டார்.

"எங்காத்தா இருக்கா சார்."

"வயசு?"

"இருவத்தாறு."

துரை சிரித்துவிட்டு, பிறகு சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். வாரிசு குடும்பத்தில் ஒருவராக இருக்க வேண்டும், அதே வீட்டில் வசிக்க வேண்டும், முப்பத்தைந்து தாண்டக் கூடாது, சீக்கு இருக்கக் கூடாது என்று நான்கு விதி இருந்தது. பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. எழுதியவனுக்கு அந்த யோசனை வரவில்லை போலும். துரை இரண்டு முறை வாசித்தார். "பெரட்டுக்கு வந்து, பேர் கூப்பிடறப்ப குரல் குடுக்கட்டும். குடுத்தா அன்னைக்கே கூடை தர்றேன்" என்றார். அந்தப் பேச்சை முடிக்கத்தான் அப்படிச் சொன்னார்.

குருவம்மாள் வெளியே வந்து பிச்சைமணியோடு நடந்தாள். பெரட்டில் ஆத்தா பேரைக் கூப்பிடச் சொல்லி அப்போதே அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருபது நாள் பரணில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டை விட்டுப் போனால் ஆத்தாளை விட்டுப் போக வேண்டும். ஆத்தாளை எழுப்பினால் ஆத்தாளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுச் சந்தனம் கஞ்சி கொண்டுவந்து வைத்தால், அது ஆடை கட்டிக் கிடக்கும்.

இதற்கிடையில் சர்க்கார் வந்து சேர்ந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் இடுக்கி என்று ஒரு ஜில்லா புதிதாகப் பிறந்திருந்தது. பிறந்த ஜில்லாவுக்குச் சரித்திரம் வேண்டுமல்லவா? வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கத் தக்க இடங்களைக் கண்டுபிடித்துப் பலகை வைக்க ஓர் ஆபீசரை அனுப்பினார்கள். அவர் பிளாட்பாரத்தில் ஆட்டுத்தலைகளுக்கு நடுவே ஒரு பலகை நட்டார். தூண்களுக்கு ஒன்று, வெள்ளைக்காரச்சிக்கு ஒன்று. ஓடைக்கரை மேட்டுக்கும் போனார். தேயிலை நன்றாக வளர்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். கடைசியாக நாலாம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீரை அளவுகோல் போட்டு அளந்தார்.

"அம்மே, இனி இவிடெ தாமசிக்கான் பற்றில்ல. இது சரித்ர ஸ்தலமாணு" என்றார். இனிமேல் நீ இங்கே குடியிருக்க முடியாது என்பது அதன் பொருள்.

"அப்ப எங்காத்தா?"

ஆபீசர் நல்ல மனுஷர். அவளைத் தேற்ற வேண்டும் என்றுதான் சொன்னார். "அவரு இருந்தோட்டே. அவரு சரித்ரத்தின்டெ பாகமல்லே?" அவள் இருக்கட்டும், அவளும் சரித்திரத்தில் ஒரு பகுதிதானே என்றார்.

எஸ்டேட்டும் சந்தோஷமாகச் சம்மதித்தது. முள்கம்பி கட்டினார்கள். பார்வையாளர்கள் நின்று குனிந்து பார்க்கப் பரணை அகலப்படுத்தினார்கள். குருவம்மாளின் சட்டி பானையைச் சந்தனத்தின் வாசலில் இறக்கி வைத்தார்கள். டிக்கெட் கொடுக்க ஒரு மேஜை வந்தது. பலகையும் வந்தது. மலையாளத்தில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம். ஊரில் முக்கால்வாசிப் பேர் பேசுகிற தமிழுக்குப் பலகையில் இடம் போதவில்லை. பிச்சைமணி அந்த வழியாக வந்தபோது, என்ன எழுதியிருக்கிறது என்று குருவம்மாள் கேட்டாள்.

அவர் வாசித்து வாசித்துச் சொன்னார். வெள்ளம் வந்த தேதி. தண்ணீரின் உயரம். அன்றைய வெள்ளைக்காரத் துரை அந்த வெள்ளத்தில் ஒரு பியானோவையும் இரண்டு வேட்டை நாய்களையும் இழந்தார். நாய்களின் பெயர்கள் இன்னின்ன. கடைசி வரிக்கு வந்ததும் சற்று நிறுத்தினார்.

"சொல்லுங்கய்யா."

"தண்ணிக்கு அடியில காணப்படுவது, பேர் தெரியாத ஒரு தொழிலாளி."

குருவம்மாள் பலகையையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு யார் மேலும் கோபம் வந்ததில்லை. இருந்த கோபமெல்லாம் தன் மேலேயே செலவாகிக்கொண்டிருந்தது. இப்போது கொஞ்சம் வெளியே வந்தது.

"நாய்க்குப் பேரு தெரிஞ்சிருக்கு. எங்காத்தா பேரு தெரியாதாக்கும். ஒங்க செக்ரோல்ல இருக்கா இல்லையாய்யா?"

"இருக்கு."

"அம்பது வருசமா எழுதுதீக. ஒருநாள் வாயத் தொறந்து கூப்பிட்டீகளா?"

 குருவம்மாள் அப்படியே முள்கம்பி ஓரம் மண்ணில் உட்கார்ந்தாள். காய்ச்சலையும், மழையையும், வாசலில் காதைத் தீட்டிக்கொண்டிருந்ததையும், எட்டிப் பார்த்துவிட்டு ஓடியதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். எட்டு வயதுப் பிள்ளையின் குரலிலேயே சொன்னாள் என்று பிச்சைமணி பின்னால் எல்லோரிடமும் சொல்வார். "அவ பெரட்டுக்குத்தான்யா காத்துக் கெடக்கா. கூப்பிடுங்க. எழும்பி என்னையச் செருப்பால அடிச்சாலும் சரி. பேரு தெரியாதவளா அவ கெடக்க வேணாம்."

பிச்சைமணி துணிச்சலான ஆள் இல்லை. துரையின் ஜீப் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பவர். தலையைச் சொறிந்துகொண்டே, "நாளைக்குக் காலைல கூப்பிடுதேன். வந்தா ஒன் யோகம். வரலன்னா எனக்கு மெமோ" என்றார்.

மறுநாள் ஆடி மாதத்துச் சாரல். களத்தில் அறுபது பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். பிச்சைமணி பேர் வாசித்துக்கொண்டே பத்தாம் லயத்து வரிகளுக்கு வந்தார். மூன்றாம் வீடு, சந்தனம். இருக்கேன் என்றாள். பிறகு ஐம்பது வருஷமாகச் சைபர் மட்டும் விழுந்த வரியில் விரலை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, களத்துக்கு வெளியேயும் கேட்கிறபடி கூப்பிட்டார்.

"நாலாம் வீடு. வேலுத்தாய்."

ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் சைபர் போடப் பேனாவைத் தாழ்த்தினார். அப்போது மேலே லயத்திலிருந்து குரல் வந்தது.

"வந்தேன் சாமி."

சாமி என்று சொல்லக் கூடாது என்று சங்கம் போராடி அந்தப் பழக்கத்தை நிறுத்தி இருபது வருஷம் ஆகியிருந்தது. ஆகவே பெண்களுக்கு முதலில் அந்த வார்த்தைதான் அதிர்ச்சியாக இருந்தது. அப்புறம்தான் யார் குரல் என்று யோசித்தார்கள். வேலுத்தாய் சொட்டச் சொட்ட நனைந்த சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முள்கம்பியைத் தாண்டி, பிந்திவிட்ட பதற்றத்தோடு இறங்கி ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் தண்ணீரும் வாசலைத் தாண்டி இறங்கியது. வாய்க்கால் வழியாக அவசரமில்லாமல் போய், எட்டு மணிக்குள் ஆற்றில் சேர்ந்தது. டிக்கெட் மேஜையைக் கூடவே கொண்டுபோயிற்று. பலகையைத் தொடவில்லை.

குருவம்மாள் களத்துக்கு இறங்குகிற படியில் நின்றிருந்தாள். அந்தக் கேள்வியை வாங்கிக்கொள்ள உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றாள். வேலுத்தாய் அவள் முன்னால் நின்று மூச்சு வாங்கினாள்.

"பெரியம்மா, எம்மவளப் பாத்தீகளா? குருவம்மான்னு பேரு. எட்டு வயசு. வாசல்லதான் ஒக்காந்திருந்தா."

"நாந்தான் ஆத்தா."

வேலுத்தாய் அவளுடைய வெள்ளைத் தலையையும் பல் போன வாயையும் பார்த்தாள். புத்தி பேதலித்த கிழவிகளுக்கு நல்ல பெண்கள் காட்டுகிற பரிவோடு அவள் தோளைத் தொட்டு, "மழைல நிக்காதீக பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, பெரட்டுக்கு ஓடினாள். பிந்தினால் அரைப்பேர் ஆகி, பாதிக் கூலிதான் கிடைக்கும்.

துரை சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். வேறு வழியும் இல்லை. வீடு நின்றது. வேலுத்தாயோடு குடியிருப்பவர் என்ற கட்டத்தில் பிச்சைமணி, குருவம்மாள், மகள், வயது ஐம்பத்தெட்டு என்று எழுதி அனுப்பினார். தலைமை ஆபீசில் சிவப்பு மையால் சுழித்து, தவறு என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் மகள் என்பதை அடித்துத் தாய் என்று எழுதினார். உடனே கையெழுத்தாகி வந்தது. இன்றும் அந்தத் தாளின்படி வேலுத்தாயைப் பெற்றவள் குருவம்மாள்தான்.

லயத்தில் எல்லோரும் வேலுத்தாயிடம் உண்மையைச் சொன்னார்கள். ஐம்பது வருஷம் போனதைக்கூட அவள் ஏற்றுக்கொண்டாள். வெள்ளைக்காரன் போனான் என்றார்கள், சரி என்றாள். மகளுக்கு வயதானதை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்திக்கு அந்தி ஓடைக்கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வீட்டுக்குள் இருந்தபடி குருவம்மாள் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் மெதுவாக, வந்தேன் ஆத்தா என்று சொல்வாள். ஒரு மாதம் இதைப் பார்த்துவிட்டு, அம்மாவின் தொண்டை போய்விடுமே என்று ஒரு பொய் சொன்னாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்கிறது. நீங்கள் மலைக்கு ஏறிய பிறகு வருகிறது, சாப்பிடுகிறது, போகிறது. வேலுத்தாய் அன்றிலிருந்து கூப்பிடுவதை நிறுத்தினாள். தினமும் விடியற்காலையில் சின்னத் தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுத் துண்டும் வைத்து உறியில் தொங்கவிட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போனாள்.

பலகையைப் பார்த்து இன்னும் ஆட்கள் வருகிறார்கள். காய்ந்த தரையைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புகிறார்கள். கொழுந்துக் கூடையோடு இறங்குகிற ஒரு பெண்ணை நிறுத்தி, தண்ணீர் எங்கே என்று கேட்கிறார்கள். ஆத்துக்குப் போயிட்டுதே என்று பெயர் தெரியாத அந்தத் தொழிலாளி சொல்லிவிட்டுப் போகிறாள்.

ஒருநாள் சாயங்காலம் வேலுத்தாய் காலியான தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "பெரியம்மா, எம்மேல அவளுக்கு ஏதும் கோவமா? கண்ணு முன்னால வரவே மாட்டேங்காளே."

குருவம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கோவமில்ல. பயந்து கெடக்கா. தண்ணி வந்தன்னைக்கு ஒங்கள எழுப்பாம ஓடிட்டாளாம்."

"இதுக்கா?" வேலுத்தாய் சட்டியைக் கீழே வைத்தாள். "நாந்தான எழுப்பாதன்னேன். பச்சப்புள்ள, சொன்னபடி கேட்டுச்சு. அவமேல என்ன தப்பு? நாளைக்கு வந்தா நான் இப்பிடிச் சொன்னேன்னு சொல்லீருங்க பெரியம்மா."

"சொல்லுதேன்" என்றாள் குருவம்மாள்.

1979இல் வேலுத்தாய்க்கு முப்பத்தொன்று முடிந்தது. குருவம்மாளுக்கு அறுபத்து மூன்று. பிள்ளைக்கு இன்னும் எட்டு வயதுதான். மத்தியானச் சங்கு ஊதியதும் குருவம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு, உறியிலிருந்து தூக்குச்சட்டியை இறக்கி, கருவாட்டில் முள் பார்த்து எடுத்துவிட்டு, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு வைப்பாள்.